வாசனைக் கேள்விகள்: மூக்குக்குப் பிடித்ததைக் கண்டுபிடிப்பது எப்படி?

வாசனைக் கலவைக் கூடம் ஒன்றில் 22 வருடம் மூலப்பொருள்களை எடை போட்டுக் கலந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை நம்பி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு வார்த்தைகளில்: 'எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே எப்படித் தெரியும்?' அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தோழி போட்டிருந்த பெர்ஃப்யூம் ரொம்பப் பிடித்துப்போய் அதையே நானும் வாங்கினேன். கடையில் அடித்துப் பார்த்தபோதுகூட நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மாலைக்குள் தலைவலி. இப்படியே மூன்று பாட்டில்கள் பாதியில் கிடக்கின்றன. என் ரசனை என்னவென்றே எனக்குப் புரியவில்லை. (வேலைக்குப் போகும் வாசகி)

உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. முதல் பத்து நிமிடத்தை வைத்து முடிவெடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

சென்ட்டில் இருக்கிற பொருள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், பெர்கமோட் போன்றவை இலேசானவை. அடித்த கையோடு மூக்கில் வந்து நிற்கும், கால் மணியிலோ அரை மணியிலோ விடைபெற்றுவிடும். அடுத்து பூக்களும் மசாலா வாசனைகளும் எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். கடைசியில் மிஞ்சுவது சந்தனம், பச்சோலி இலை, வனிலா, கஸ்தூரி வகைகள், பிசின்கள். கடையில் நம்மை மயக்குவது அந்த முதல் கால் மணி. நாள் முழுக்க நாம் கூட வைத்துக்கொள்வதோ கடைசியில் மிஞ்சுகிறதை.

இப்போது உங்கள் தோழியை நினைத்துப் பாருங்கள். அவர் காலையில் போட்டிருப்பார், நீங்கள் மதியம் சந்தித்திருப்பீர்கள். முதல் கட்டம் அவரிடம் அப்போதே முடிந்திருக்கும். அதோடு நீங்கள் ஓர் அடி தள்ளி நின்று, காற்றில் கரைந்து வந்ததைத்தான் முகர்ந்தீர்கள். உங்கள் மேல் அது நாள் முழுக்க மூக்குக்கு நேர் கீழே இருக்கிறது. பாட்டில் ஒன்றுதான், ஆனால் முகர்ந்த நேரமும் தூரமும் வேறு. அடுத்த முறை யார் மேலாவது ஒரு வாசனை பிடித்தால், பெயரைக் கேட்பதோடு 'எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எத்தனை தடவை அடித்தீர்கள்' என்றும் கேட்டுவிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முழு பாட்டில் வாங்குவதை ஒரு மூன்று மாதம் நிறுத்திவையுங்கள். 1 மில்லி, 2 மில்லி சாம்பிள் குப்பிகள் கிடைக்கின்றன. ஸ்பிரேயில் ஒரு அழுத்தத்துக்குச் சுமார் 0.1 மில்லி வெளியே வரும். அப்படியானால் 2 மில்லி குப்பியில் இருபது தடவை அடிக்கலாம். ஒரு வாசனையோடு நான்கைந்து நாள் பழகிப் பார்க்க அது தாராளம். இன்னொரு கணக்கும் சொல்கிறேன்: 100 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய ஆயிரம் அழுத்தம் இருக்கிறது. தினம் மூன்று அடித்தாலும் ஏறக்குறைய பதினொரு மாதம் வரும். இன்னும் பழகியே பார்க்காத ஒன்றுக்கு அவ்வளவு நாளை எழுதிக்கொடுக்க வேண்டாம்.

கடைக்குப் போனால் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் முகராதீர்கள். முதலில் காகிதப் பட்டையில். பெயரையும் நேரத்தையும் பட்டையிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் எது எது என்று குழம்பும். மூன்றில் ஒன்றை மட்டும் முழங்கை மடிப்பில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, தூங்கப் போகும் முன் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். மூன்றாவது முறைதான் எனக்கு முக்கியம்.

அப்புறம் ஒரு நோட்டு. இதை நான் எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் போதாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் மேலாளர் எண் மட்டும் ஒட்டிய ஒரு சின்னக் குப்பியை நீட்டினார். "பெயர் பிறகு. முதலில் உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது." காகிதப் பட்டையை நுனி நனைகிற அளவுக்கு முக்கி எடுத்து முகர்ந்தேன். 'மழை விட்ட மண் சுவர். புதிதாகப் பிடுங்கிய வேர். தூரத்துப் புகை' என்று எழுதினேன். அது வெட்டிவேர் எண்ணெய். பெயர் முதலில் தெரிந்திருந்தால் 'வெட்டிவேர் வாசனை' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன், என் மூக்கு கண்டது எழுத்தில் வந்தே இருக்காது.

இரண்டு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நான் நட்சத்திரம் போட்ட பக்கங்களில் எல்லாம் 'ஈரம்', 'வேர்', 'பென்சில் சீவல்' என்ற வார்த்தைகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. அடித்துப்போட்ட பக்கங்களில் 'சர்க்கரைப் பாகு', 'ஒட்டுகிறது'. பென்சில் சீவல் என்று நான் எழுதியதெல்லாம் சீடர் மரம். அதுவரை எனக்குப் பூ வாசனைதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் ரசனையை எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்த நோட்டு.

உங்கள் நோட்டில் விற்பனைக்காரர் சொல்லும் வார்த்தைகள் வேண்டாம். தமிழில் வாசனைக்கு எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள்: மணம், வாசம், நெடி, காட்டம், வாடை, வீச்சம், முடை, காறல். 'கமழ்கிறது' என்பதற்கும் 'மூக்கில் ஏறுகிறது' என்பதற்கும் நடுவே ஒரு முழு உலகம் இருக்கிறது. 'புதுப் புத்தகம் பிரித்த மாதிரி', 'இஸ்திரி போட்ட துணி', 'அணைத்த தீக்குச்சி' என்று எழுதுங்கள். அது உங்களுக்குப் புரிந்தால் போதும்.

அந்த மூன்று பாதி பாட்டில்களைத் தூக்கி எறியாதீர்கள். மூன்றிலும் மாலைக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்று எழுதிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே வனிலாவோ ஒரே கஸ்தூரியோ இருக்கக்கூடும். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்பது தெரிந்தால் பாதித் தேடல் முடிந்த மாதிரி. எந்த சென்ட் போட்டாலும், ஒரே ஒரு அழுத்தத்துக்கும் தலைவலி வந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

கொடியில் பூத்த மல்லிகையை முகர்ந்தால் எனக்கு எல்லாமே மறந்துபோகும். ஆனால் மல்லிகை என்று போட்ட சென்ட் எதுவும் அப்படி இல்லை. சில சோப்பு மாதிரி இருக்கின்றன. ஒன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கழிவறை மாதிரி. என் மூக்கில் கோளாறா? (கல்லூரி மாணவி)

கோளாறே இல்லை, கூர்மையான மூக்கு. நீங்கள் முகர்ந்தது இண்டோல்.

மல்லிகையில் இயற்கையாகவே இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. அதே பொருள் மலத்திலும் இருக்கிறது. கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் பூவுக்கு உயிர் கொடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. பழைய தமிழில் 'நாற்றம்' என்ற சொல் நறுமணத்தையும் குறித்தது. இண்டோலோடு பழகிய பிறகு, அந்தச் சொல்லை வைத்தவர்கள் நன்றாக முகர்ந்தவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் இண்டோல் பளிங்குத் துகளை நூற்றில் ஒரு பங்காகக் கரைத்து வைக்கும் வேலை எனக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் பூச்சி உருண்டை போட்டு வைத்த பழைய பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு நெடி, அதன் பின்னாலேயே நீங்கள் சொன்ன அந்த வாடை. அன்று மதியம் மேலாளர் இரண்டு பட்டைகளைக் கொடுத்தார். இரண்டிலும் ஒரே மல்லிகைக் கலவை, ஒன்றில் மட்டும் நான் காலையில் கரைத்து வைத்ததில் ஒரு துளி. துளி இல்லாத பட்டை சுத்தமாக இருந்தது, துவைத்த துணி மாதிரி, வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. மற்றதை மூக்கருகே கொண்டுபோனதும் இருட்டிய பிறகு பூ விரியும் இடத்தில் நிற்பது போல இருந்தது. கதகதப்பு, கனம், கொஞ்சம் கிறக்கம். காலையில் முகம் சுளிக்க வைத்த அதே பொருள்தான்.

அப்படியானால் சென்ட்டில் ஏன் கெடுகிறது? அளவும் துணையும்தான் காரணம். உயிருள்ள பூ மணி நேரத்துக்கு மணி நேரம் தன் மூச்சை மாற்றிக்கொண்டே இருக்கும். பாட்டிலில் அடைபட்டது அதில் ஒரு படம் மாதிரி. மல்லிகை நீராவியைத் தாங்காத பூ, அதனால் கரைப்பான் கொண்டு எடுக்கிறார்கள். பறித்த பிறகும் மல்லிகை மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதைத் தெரிந்துதான் பிரான்ஸின் கிராஸ் நகரத்தில் அந்தக் காலத்தில் கொழுப்பு தடவிய கண்ணாடித் தட்டில் பூக்களை அடுக்கி மணத்தை வாங்கினார்கள். எந்த வழியில் எடுத்தாலும் கொடியில் இருந்தது அப்படியே வருவதில்லை. அதை ஏற்றுக்கொண்டு தேடினால் ஏமாற்றம் குறையும்.

உங்களுக்கு எது சரிப்படும் என்று பார்க்க ஒரே வாரத்தில் இரண்டு வகையை முகருங்கள். ஒன்று, ஜாஸ்மின் அப்சல்யூட், அதாவது கரைப்பான் கொண்டு எடுத்த மல்லிகைச் சாறு, தூக்கலாக இருக்கும் கனமான வகை. இன்னொன்று, ஹெடியோன் என்ற பொருளால் ஆன இலேசான, காற்றோட்டமான மல்லிகை. எட்மண்ட் ருட்னிட்ஸ்கா 1966இல் டியோருக்காக உருவாக்கிய 'ஓ சவாஜ்' அந்த ஹெடியோனால்தான் பேசப்பட்டது. எலுமிச்சைக்குப் பின்னால் ஒரு மெல்லிய மல்லிகை வெளிச்சம் மாதிரி இருக்கும். சோப்பு மாதிரி என்று நீங்கள் ஒதுக்கியது சும்மா சுத்தமாக இருக்க முயன்ற ஒன்றாக இருக்கும். நடுவில் எங்கோ உங்கள் மல்லிகை இருக்கிறது.

போட்ட அரை மணியில் எனக்கே வாசனை தெரிவதில்லை. அதனால் மறுபடியும் அடிக்கிறேன். மனைவியோ 'வீடு முழுக்க மூச்சு முட்டுகிறது' என்கிறார். யார் சொல்வது சரி? (ஒரு வாசகர்)

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் மூக்கும் மூளையும் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். புதிதாக வரும் ஆபத்தான வாசனைக்கு இடம் வேண்டுமே. வீட்டுக்குள் இருக்கிறவருக்கு வீட்டின் வாசனை தெரியாது, ஊருக்குப் போய்த் திரும்பிக் கதவைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் தெரியும். அதே கதைதான் இது. கழுத்தில் அடித்தால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். மார்புக்குக் கீழே, அல்லது முழங்கால் பின்புறம் அடித்துப் பாருங்கள். நடக்கும்போது மட்டும் அவ்வப்போது எழும்பி வரும். இரண்டு அழுத்தத்தோடு நிறுத்திக்கொண்டு, சந்தேகம் வந்தால் மனைவியைக் கேளுங்கள்.

இதில் இன்னொரு சாத்தியமும் உண்டு, அதைப் பலரும் அறியாமலே இருக்கிறார்கள். நம் மூக்கில் வேலை செய்யும் வாசனை ஏற்பிகள் சுமார் 400 வகை. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்து எழுதிய லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த 400இல் எல்லாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. வயலட் பூ வாசனை தரும் பீட்டா அயனோன் ஒருவருக்குப் பூவாகக் கமழும், இன்னொருவருக்குப் புளித்த வாடையாகப் படும். ஒரே ஒரு ஏற்பியின் மரபணு வேறுபாடுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம்.

எனக்கே இது நடந்தது. கலாக்ஸோலைடு என்பது துணி சோப்பு முதல் உயர்ந்த பெர்ஃப்யூம் வரை எல்லாவற்றிலும் சேரும் ஒரு வெண்கஸ்தூரி, அதாவது செயற்கைக் கஸ்தூரி வாசனை. வேலையில் இரண்டாவது வருடம், மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து அதை மதிப்பிட்டோம். பட்டை கை மாறி வந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு 'பஞ்சு மாதிரி, வெயிலில் காய்ந்த போர்வை' என்றார். நான் முகர்ந்தேன். காகித வாசனை. பட்டையைத் திருப்பி மறு நுனியை முகர்ந்தேன், அதே காகிதம். முக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நானே இன்னொரு பட்டையை முக்கினேன். நனைந்தது கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கு ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பொருள் சேரும் கலவைகளில் நான் இன்னொருவர் மூக்கை நம்பித்தான் வேலை செய்தேன். இப்போதும் ஒரு சென்ட் 'சீக்கிரம் போய்விடுகிறது' என்று எனக்குத் தோன்றினால், அருகில் இருப்பவரிடம் கையை நீட்டிக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்கிறேன்.

ஆகவே மறுபடி அடிப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒரே நாளில் கஸ்தூரி தூக்கலான ஒன்றையும், சந்தனமோ பச்சோலியோ தூக்கலான ஒன்றையும் இரண்டு காகிதப் பட்டைகளில் முக்கி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் வாருங்கள். திரும்பி வந்து முகரும்போது முதலாவது உங்களுக்குக் காலியாகவும் மனைவிக்கு நன்றாகவும் தெரிந்தால், உங்களுக்கும் கஸ்தூரிக் குருட்டுத்தன்மை இருக்கலாம். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. உங்கள் மூக்குக்குக் கேட்கிற வேறு அடிவாசனை உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

ரோஜா வாசனை எனக்குப் பிடிக்கும். கடையில் அதைப் பெண்கள் வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஆண் போடலாமா? (இளைஞர்)

தாராளமாகப் போடுங்கள். ரோஜாவுக்கு ஆண் பெண் கிடையாது, வரிசை பிரித்தது விற்பனைக்காக. கெர்லான் 1889இல் வெளியிட்ட 'ஜிக்கி'யை ஆண்களும் பெண்களும் போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள். ஆண்கள் சென்ட் என்று நாம் நினைக்கும் வாசனைகளில் பெரும்பகுதி 'ஃபூஜேர்' குடும்பம், அதாவது பெரணிச் செடி. 1882இல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே செய்த 'ஃபூஜேர் ரோயால்' தான் அதன் மூதாதை. பெரணிக்கு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு மணமே கிடையாது! லாவெண்டரையும், காய்ந்த புல் வாசனை தரும் கூமரினையும், மரப்பாசியையும் சேர்த்து, பெரணிக்கு மணம் இருந்தால் இப்படி இருக்கும் என்று அவர் கற்பனை செய்தார். அந்தக் கற்பனையைத்தான் 'ஆண் வாசனை' என்று எல்லாரும் நம்புகிறார்கள். நீங்கள் உங்கள் ரோஜாவைப் போடுங்கள். இனிப்பு வேண்டாம் என்றால் ரோஜாவோடு பச்சோலியோ அகிலோ சேர்ந்ததைத் தேடுங்கள்.

ஓ டி டாய்லெட், ஓ டி பெர்ஃப்யூம் என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, எது உசத்தி?

உசத்தி, மட்டம் எதுவும் இல்லை. கலந்திருக்கும் வாசனை எண்ணெயின் அளவு வேறு. ஏறக்குறைய ஓ டி கொலோனில் 2 முதல் 5 சதவீதம், ஓ டி டாய்லெட்டில் 5 முதல் 15, ஓ டி பெர்ஃப்யூமில் 15 முதல் 20, பெர்ஃப்யூம் என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கும் மேல். இது வழக்கம்தான், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பலர் கவனிக்காத ஒன்று: ஒரே பெயரில் வரும் டாய்லெட்டும் பெர்ஃப்யூமும் பல நேரம் ஒரே கலவையே அல்ல. டாய்லெட்டில் எலுமிச்சைப் பக்கம் தூக்கலாகவும், மற்றதில் அடிவாசனை தூக்கலாகவும் திருத்தி எழுதியிருப்பார்கள். எனவே 'அடர்த்தியானதை வாங்கினால் அதே வாசனை நீண்ட நேரம் நிற்கும்' என்று கணக்குப் போடாமல், இரண்டையும் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைப் புத்துணர்ச்சிதான் உங்களுக்கு வேண்டுமென்றால் கொலோனை வாங்கி, மதியம் இன்னொரு முறை போட்டுக்கொள்வதே நல்ல வழி. எலுமிச்சையை எட்டு மணி நேரம் பிடித்து வைக்க யாராலும் ஆகாது.

மணிக்கட்டைத் தேய்த்தால் வாசனை உடைந்துவிடுமாமே? கடையில் காபிக்கொட்டை முகரச் சொல்கிறார்களே, அது உதவுமா? எலுமிச்சை சென்ட் போட்டு வெயிலில் போனால் தோல் கறுக்குமா?

மூன்றுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். தேய்த்தால் உடைவது எதுவும் இல்லை, சூட்டில் முதல் கட்ட வாசனை வேகமாகப் பறந்துவிடும், அவ்வளவே. ஆனாலும் நான் தேய்ப்பதில்லை, அந்த முதல் சில நிமிடங்களும் எனக்கு வேண்டும்.

காபிக்கொட்டை மூக்கைத் துடைத்துவிடாது. அதையும் எலுமிச்சைத் துண்டையும் வெறும் காற்றையும் வைத்துச் செய்த ஓர் ஆய்வில் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெளியே போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள். அல்லது உங்கள் சட்டைக் கையையே முகருங்கள், உங்கள் மூக்கு பழகிப்போன வாசனை அது.

மூன்றாவது உண்மை. பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் உண்டு, வெயில் பட்டால் அது தோலைக் கறுக்கச் செய்யும். அதனால் இன்று பெரும்பாலும் அதை நீக்கிய எண்ணெயையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் வீட்டில் தாமாகவே எலுமிச்சை வகை எண்ணெய்களைக் கலந்து கழுத்தில் தடவுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வெயில் படாத, துணி மூடிய இடத்தில் போடுங்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு வாசனையே தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ஆனால் எனக்கு மிகப் பிடித்த சென்ட் கருகிய ரப்பர் மாதிரி வருகிறது. அழுகையாக வருகிறது. (இல்லத்தரசி)

உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. வாசனை போவது சின்ன விஷயம் என்று சொல்கிறவர்களுக்கு அது போய்ப் பார்க்க வேண்டும். கிருமித் தொற்றால் வாசனை நரம்புகள் பாதிக்கப்பட்டு மறுபடி வளரும்போது இப்படித் திரிந்து தெரிவது உண்டு. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அதோடு வாசனைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை இது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு வாசனைகள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில நொடிகள், அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று நினைவில் கொண்டுவந்து முகர வேண்டும். குறைந்தது 12 வாரம் செய்ய வேண்டும். எல்லாருக்கும் முழுதாகத் திரும்பும் என்று உறுதி தர முடியாது, ஆனால் செய்தவர்களில் பலருக்கு முன்னேற்றம் இருந்தது.

உங்கள் பிரியமான சென்ட்டை இந்த நாட்களில் முகராதீர்கள். ரப்பர் வாடையோடு மனம் அதை முடிச்சுப் போட்டுவிடும். துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுங்கள். நான்கு வாசனைகளும் தெளிந்த பிறகு ஒரு காகிதத்தில், தொலைவில் வைத்து, மெல்லத் தொடங்குங்கள்.

அப்பா முப்பது வருடம் ஒரே சென்ட்தான் போட்டார். அவர் போன பிறகு அதே பெயரில் புதுப் பாட்டில் வாங்கினேன். அது அவர் இல்லை. ஏமாற்றுகிறார்களா, அல்லது என் நினைவு தவறா? (ஓய்வு பெற்ற ஆசிரியை)

உங்கள் நினைவு தவறில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. பெயர் அதேதான், கலவை மாறியிருக்கும்.

வாசனைப் பொருள்களின் பாதுகாப்புக்கு அளவு விதிக்கும் சர்வதேச அமைப்பான இஃப்ரா 1973இல் தொடங்கியது. ஒவ்வாமை தரும் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. பழைய ஆண்கள் வாசனைகளின் அடித்தளமான மரப்பாசிச் சாறு மிகவும் குறைக்கப்பட்டது. லிலியால் என்ற பூ வாசனைப் பொருளை 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. சில நேரம் ஒரு மூலப்பொருள் கிடைக்காமல் போவதும், செலவைக் குறைப்பதும் காரணமாகும். மரப்பாசியின் அந்த ஈரமான, காட்டுத் தரை மாதிரியான வாசம் அப்பாவிடம் இருந்தது என்றால், புதியதில் நீங்கள் தேடுவது அதைத்தான்.

பிரான்ஸின் வெர்சாய் நகரத்தில் 1990இல் தொடங்கிய 'ஓஸ்மோதெக்' என்ற வாசனைக் காப்பகம் இருக்கிறது. மறைந்துபோன, மாறிப்போன சென்ட்களைப் பழைய குறிப்பின்படியே கலந்து, இருட்டில் 12 டிகிரி குளிரில், காற்று புகாமல் ஆர்கான் வாயுவை மேலே நிரப்பி வைத்திருக்கிறார்கள். வாசனைக்கு மூன்று எதிரிகள்: வெளிச்சம், சூடு, காற்று. அவர்கள் மூன்றையும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அப்பாவின் பழைய பாட்டில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதை அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைக்காதீர்கள். அதன் அட்டைப் பெட்டியிலோ தடித்த துணியிலோ சுற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். குளியலறை வேண்டவே வேண்டாம். புதுப் பாட்டிலில் ஊற்றி மாற்றவும் வேண்டாம், ஊற்றும்போது காற்று சேரும்.

முகர வேண்டும் என்று தோன்றும் நாளில் துவைத்து சோப்பு வாசனை போன ஒரு பருத்திக் கைக்குட்டையில் ஒரே ஒரு துளி விடுங்கள். விட்டவுடன் முகர்ந்தால் வார்னிஷ் மாதிரி ஒரு காட்டம் வரலாம், பயப்படாதீர்கள். எலுமிச்சைப் பகுதி வருடங்களில் கெட்டுப்போனதால் வருவது அது, சீக்கிரம் போய்விடும். கைக்குட்டையை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போட்டு, மூடாமல் அரை மணி வைத்துவிட்டு, பிறகு மூடிவிடுங்கள். மாலையில் திறந்து பாருங்கள். அப்பா வீடு திரும்பும் நேரத்தில் அவர் சட்டையில் மிஞ்சியிருந்தது இந்தக் கடைசிப் பகுதிதான், அது இன்னும் அந்தப் பாட்டிலில் இருக்கும்.